எல்லாப் பாட்டும் ஒரே மாதிரியா?

சென்ற ஆண்டு எங்கள் புணே கிளையின் ஆண்டு விழாவில் சிறுவர் மெல்லிசைப் போட்டிக்கு நடுவராக இருக்கும்படி என்னைப் பணித்திருந்தார்கள். பதினோரு குழந்தைகள் பாடினார்கள். அதில் ஒரு பையன், பதினான்கு வயதிருக்கும், சமீபத்திய சினிமாப் பாட்டு ஒன்றைக் கைபேசியிலிருந்து வந்த பின்னணி இசையோடு பாடினான். மதிப்பெண் தாளில் குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. நான் எழுதினேன்: "இந்தக் காலத்துப் பாட்டு எல்லாம் ஒரே மாதிரி. பாட்டில் விஷயம் இல்லை." தாள்களைப் போட்டி முடிந்ததும் குழந்தைகளிடமே கொடுத்துவிடும் வழக்கம் எங்கள் கிளையில் உண்டு என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு நவராத்திரி நிகழ்ச்சிக்கும் வரவில்லை, பொங்கல் ஒன்றுகூடலுக்கும் வரவில்லை.

இந்த ஆண்டு நிர்வாகக் குழுவில், மெல்லிசைப் போட்டியில் 2000-க்குப் பிறகு வந்த சினிமாப் பாட்டுகளை அனுமதிப்பதில்லை என்று ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணினேன். வீட்டில் உட்கார்ந்து அதற்கான காரணங்களை எழுதிக்கொண்டிருந்தபோது என் பேத்தி எட்டிப் பார்த்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். படித்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரின்னு எழுதியிருக்கேளே தாத்தா, எதை வெச்சு அளந்தேள்?" என்று கேட்டாள்.

காதால்தான், வேறு எதனால் என்றேன். "யாரோட காது?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இரண்டு மாதம் படித்தும் கேட்டும் சேர்த்ததை இங்கே எழுதுகிறேன். பல ஊர்களிலும் உள்ள நம் கிளைகளில் இதே விவாதம் நடந்திருக்கும். நடக்காவிட்டால், இனி நடக்கும்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் 1950-களில் தில்லி கரோல் பாக்கில் குடியிருந்தோம். அப்பா செக்ரெடேரியட்டில் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சங்கீத ஞானத்தைத் தில்லிக் குளிரிலும் காப்பாற்றி வைத்திருந்தவர். வீட்டில் ஒரு மர்ஃபி ரேடியோ இருந்தது. அதற்குத் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டுவார். அதில் கர்நாடக சங்கீதமும் செய்தியும் மட்டும்தான். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு மாடியில் இருந்த பஞ்சாபிக் குடும்பத்தார் வீட்டில் ரேடியோ சிலோனில் 'பினாகா கீத்மாலா' கேட்கும். அமீன் ஸயானியின் குரல் மாடிப்படி வழியாக இறங்கி வரும். கணக்குப் போடுகிற சாக்கில் நான் மாடிக்கு ஓடிவிடுவேன். திரும்பி வந்தால் அப்பா சொல்வார்: "ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லு பாக்கலாம். எல்லாம் ஒரே டப்பாங்குத்து."

அவர் அப்படிச் சொன்ன பாட்டுகள் எவை என்று கவனியுங்கள். நௌஷாத், எஸ்.டி. பர்மன், சங்கர்–ஜெய்கிஷன், ஓ.பி. நய்யார் ஆகியோர் இசையமைத்தவை. இன்று நாம் பொற்காலம் என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற பாட்டுகள்.

அப்பா தனி ஆள் அல்ல. அந்தச் சமயத்தில் அரசாங்கமே அவர் பக்கம் இருந்தது. 1952 முதல் 1962 வரை தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தில் பெரும் பற்றுடையவர். சினிமாப் பாட்டு மேல்நாட்டு மெட்டுகளைப் பின்பற்றித் தரம் தாழ்ந்து போகிறது என்பது அவர் கட்சி. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கான நேரத்தைக் குறைத்தார். பாட்டோடு படத்தின் பெயரை அறிவிப்பது விளம்பரம் ஆகும் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பு அனுமதியையே விலக்கிக்கொண்டார்கள். சில மாதங்களில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று.

அதற்குப் பதிலாகக் கிடைத்தவற்றைக் குறை சொல்ல முடியாது. தில்லி நிலையத்தில் 'வாத்ய விருந்தா' என்ற தேசிய வாத்தியக் குழு பிறந்தது. அதை நடத்தியவர்கள் பண்டிட் ரவிசங்கரும் நம்மவரான டி.கே. ஜயராம ஐயரும். மெல்லிசை என்ற வகையையே வானொலி தனியாக வளர்த்தது. ஆனால் ஜனங்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியப் படைகளுக்காக நிறுவிய சக்தி வாய்ந்த ஒலிபரப்பி ரேடியோ சிலோன் கையில் இருந்தது. 1952 டிசம்பரில் பினாகா கீத்மாலா தொடங்கியது. ஐந்து ஆண்டுக்குள், 1957 அக்டோபர் 3-ஆம் தேதி, அரசாங்கமே 'விவித பாரதி'யைத் தொடங்கிச் சினிமாப் பாட்டைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. என் தீர்மானத்தின் மூன்றாவது காரணத்தை எழுதிக்கொண்டிருந்தபோது இது ஞாபகம் வந்து பேனாவை மூடி வைத்தேன்.

சரி, அப்பா சொன்னதில் உண்மையே இல்லையா? இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

1940-களின் ஹிந்திப் படங்களில் பெண் குரல்கள் எத்தனை விதம்! நூர்ஜஹான், சுரையா, ஷம்ஷாத் பேகம், ஜோஹ்ராபாய், அமீர்பாய் கர்நாடகி, ராஜ்குமாரி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. 1949-ல் 'மஹல்', 'பர்ஸாத்', 'அந்தாஜ்' படங்களுக்குப் பிறகு லதா மங்கேஷ்கரின் குரல் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. கதாநாயகி மதுபாலா ஆனாலும் நர்கிஸ் ஆனாலும் பாடுகிற குரல் ஒன்றே. பிறகு ஆஷா வந்தார், அவரும் அதே வீடு. தெற்கிலும் இதே கதைதான். பி. சுசீலா தனியாகவும் ஜோடியாகவும் பாடிய பாட்டுகள் 17,695 என்று 2016-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இந்த இருவர் மேலும் எனக்கு உள்ள பக்தி குறையவில்லை. ஆனால் 'ஒரே மாதிரி' என்று ஒருவர் 1960-ல் சொல்லியிருந்தால் அவரைப் பைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. வாத்தியம் வாசித்தவர்களும் அப்படித்தான். பம்பாய் ஸ்டூடியோக்களில் அதே கோவாக்காரர்கள்தான் ஒரு நாள் ஓர் இசையமைப்பாளருக்கும் மறுநாள் இன்னொருவருக்கும் வயலினும் ட்ரம்பெட்டும் வாசித்தார்கள். செபாஸ்டியன் டிஸௌஸா என்ற ஒரே மனிதர் சங்கர்–ஜெய்கிஷனுக்கும் நய்யாருக்கும் வாத்தியப் பகுதிகளை அமைத்துக் கொடுத்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆண் குரலிலும் இதைப் பார்க்கலாம். ஸைகல் காலத்தில் பாட வந்தவர்கள் எல்லாரும் ஸைகல் மாதிரியே பாடினார்கள். 1945-ல் 'பஹலி நஜர்' படத்தில் முகேஷ் பாடிய பாட்டைக் கேட்ட ஸைகல், 'இதை நான் எப்போது பாடினேன்?' என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. கதைதான், ஆனாலும் அந்த இசைத்தட்டைக் கேட்டால் நம்பத் தோன்றும். கிஷோர் குமாரும் ஆரம்பத்தில் அந்த வழிதான். நம் டி.எம். சௌந்தரராஜனும் தொடக்கத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் பாணியில்தான் பாடினார்.

மெட்டு விஷயம் இன்னும் சுவாரஸ்யம். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'வர்ணமெட்டு' என்று போட்டு, எல்லாருக்கும் தெரிந்த வேறொரு பாட்டின் பெயரை அச்சிட்டிருப்பார்கள். திருட்டை மறைக்கவில்லை, பெருமையோடு விலாசம் கொடுத்தார்கள். ஜனங்கள் தெரிந்த மெட்டில் புதுப் பாட்டைப் பாட விரும்பினார்கள். இன்றைக்கு ஹிந்திப் படங்களில் பழைய பாட்டையே திரும்பச் சமைத்துப் போடுகிறார்களே என்று நாம் அங்கலாய்க்கும்போது இந்தப் புத்தகங்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். அவ்வளவு ஏன், முத்துஸ்வாமி தீக்ஷிதரே வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு ஸம்ஸ்கிருதத்தில் சாஹித்யம் செய்தார். 'நோட்டு ஸ்வரம்' என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவற்றில் 'ஸந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்துகிற கீதத்தின் மெட்டு. தீக்ஷிதர் செய்தால் அனுக்ரஹம், இன்று ஒரு பையன் செய்தால் காப்பி. எனக்கே இது கொஞ்சம் அசௌகரியமாகத்தான் இருக்கிறது.

பாட்டின் நீளம்கூட நாமாக வைத்ததில்லை. 1902-ல் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவில் கௌஹர் ஜானை ஒலிப்பதிவு செய்ததிலிருந்து, தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் அடங்கும் என்ற விதி ஏற்பட்டது. அரை மணி ஆலாபனை செய்கிற வித்வான்கள் மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தைக் காட்டி, பல்லவி அனுபல்லவி சரணம் முடித்து எழுந்தார்கள். சினிமாப் பாட்டும் அந்த அச்சில் வார்க்கப்பட்டதுதான். இப்போதைய அச்சு வேறு. இணையத்தில் பாட்டுக் கேட்கிற ஸ்பாடிஃபை போன்ற சேவைகளில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் ஆளைப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் முதல் பத்து இடத்துக்கு வந்த பாட்டுகளை ஆராய்ந்து 2017-ல் வெளிவந்த கட்டுரை ஒன்று, 1980-களின் நடுவில் 20 விநாடிக்கு மேல் இருந்த முன்னிசை 2015-ல் 5 விநாடி அளவுக்கு இறங்கிவிட்டது என்று காட்டுகிறது. நம் காலத்தில் முன்னிசை முடிவதற்குள் அம்மா ஒரு டம்ளர் காப்பி கலந்து கொண்டுவந்துவிடுவாள்.

'எதை வெச்சு அளந்தேள்?' என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். நிஜமாகவே அளந்தவர்கள் இருக்கிறார்கள். 2012-ல் ஸ்பெயின் தேசத்தில் பார்ஸிலோனாவைச் சேர்ந்த ஜுவான் ஸெர்ரா என்பவரும் சகாக்களும் 1955 முதல் 2010 வரை வெளிவந்த 4,64,411 மேல்நாட்டு ஒலிப்பதிவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு ஆராய்ந்தார்கள். மூன்றைப் பார்த்தார்கள்: ஸ்வரங்கள், நாதத்தின் தன்மை, சத்தத்தின் அளவு. முடிவு என்னைப் போன்றவர்களுக்கு வெல்லக்கட்டி. ஒரு ஸ்வரக் கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழிகள் குறைந்துவிட்டன. நாதத்தின் வகைகள் 1960-களுக்குப் பிறகு சுருங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் மறுநாள் இன்னொன்றைக் கொண்டுவந்தாள். 2015-ல் லண்டனில் மத்தியாஸ் மௌக் என்பவரும் மற்றவர்களும் செய்தது. அமெரிக்க வரிசைப் பட்டியலில் 1960-லிருந்து 2010 வரை இடம்பெற்ற சுமார் 17,000 பாட்டுகள். இவர்கள் கண்டது வேறு. இசை ஒரே சீராக வற்றிக்கொண்டு போகவில்லை. 1964, 1983, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளில் பெரிய புரட்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது 1991-ல், ராப் என்று சொல்கிறார்களே, அது பட்டியலுக்குள் நுழைந்தபோது. பாட்டுகள் எல்லாம் மிகவும் ஒன்றுபோல் இருந்த காலம் 1980-களின் நடுப்பகுதி. எல்லாரும் ஒரே மாதிரி மின்சாரத் தாளக் கருவியையும் ஸிந்தஸைஸரையும் வாங்கிக்கொண்டு வாசித்த காலம். அதற்குப் பிறகு மறுபடி விரிந்துவிட்டது.

இரண்டும் நேர்மையான ஆராய்ச்சிகள். இரண்டிலும் நம் ஊர்ப் பாட்டு இல்லை. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்று தெரிந்தபோது எனக்கு ஒரு விபரீத எண்ணம் தோன்றியது. நாதத்தின் தன்மை என்ற அந்த அளவுகோலைக் கொண்டுபோய் நம் கச்சேரி மேடையில் வைத்தால் என்ன ஆகும்? ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், தம்பூரா, இருந்தால் ஒரு கடம். நூறு வருஷமாக இவ்வளவுதான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையும் வர்ணத்தில் தொடங்கி மங்களம் வரை இன்னும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஆதார ஷட்ஜம் மூன்று மணி நேரத்துக்கு நகராது. கம்ப்யூட்டரின் காதுக்கு உலகத்திலேயே மிகவும் 'ஒரே மாதிரி' இருக்கிற சங்கீதம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டேன். பேத்தி நான்கு வயது முதல் இந்த வீட்டில் சுப்ரபாதம் கேட்டு வளர்ந்தவள். ஆனால் பாட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. ஹரிகாம்போதி, காம்போதி, யதுகுலகாம்போதி மூன்றிலும் ஆலாபனை போட்டேன். "மூணும் ஒண்ணுதானே தாத்தா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யதுகுலகாம்போதியின் அசைவை எப்படி ஒருத்தி தவறவிட முடியும்? பிறகு ஞாபகம் வந்தது: தர்பாரா நாயகியா என்று சபாவில் பக்கத்து ஸீட்டுக்காரரிடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் கேட்டிருக்கிறேன்.

இப்போது அவள் முறை. நான் உயிர் என்று சொல்லிக்கொள்கிற 1950-களின் ஹிந்திப் பாட்டுகளிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுத்து, குரல் வராத இடையிசையை மட்டும் ஒலிக்கவிட்டு, இசையமைப்பாளர் யார் என்று கேட்டாள். இரண்டுதான் சொன்னேன். அதில் ஒன்று குத்துமதிப்பு. அடுத்து அவள் காலத்து ராப் பாட்டு இரண்டைப் போட்டு என்ன வித்தியாசம் என்றாள். ஒன்றும் தெரியவில்லை என்றேன். "மெட்டைத் தேடாதீங்கோ தாத்தா. தாளத்தைப் போட்டுண்டே கேளுங்கோ" என்றாள். போட்டேன். முதல் பாட்டுக்காரன் சதுஸ்ர நடையிலேயே போனான். இரண்டாமவன் நடுவில் திஸ்ரத்துக்குத் தாவி, சொற்களை மூன்று மூன்றாக அடுக்கி, சமத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாக்கியத்தை முடித்து, ஓர் இடைவெளி விட்டு மறுபடி எடுத்தான். கொன்னக்கோல் கேட்டுப் பழகிய காதுக்கு அது புரியாமல் போக நியாயமில்லை. ஸ்வரத்தைத் தேடிக்கொண்டிருந்ததால்தான் எனக்குக் கேட்கவில்லை. சாஹித்யத்தில் சில வார்த்தைகள் சபையில் சொல்லத் தக்கவை அல்ல. அது வேறு விஷயம், அதில் நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

இதையெல்லாம் சொன்னதால் என் குறை அத்தனையும் கிழவனின் புலம்பல்தான் என்று நான் ஒப்புக்கொண்டதாக எண்ண வேண்டாம். ஒரு குறை எனக்கு இன்னும் இருக்கிறது, அது கமகத்தைப் பற்றியது.

1940 மார்ச் மாதம் முதல் ஆல் இந்தியா ரேடியோவில் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தார்கள். அப்போது வானொலிக்குத் தலைவர் லயனல் ஃபீல்டன் என்ற வெள்ளைக்காரர். அதற்கு முன்பே தில்லி நிலையத்தில் மேல்நாட்டு இசைப் பகுதியைக் கவனித்துவந்த ஜான் ஃபௌல்ட்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளர், இந்திய சங்கீதத்துக்கு இந்தப் பெட்டி ஆகாது என்று கட்டுரை எழுதியிருந்தார். தாகூருக்கும் ஆர்மோனியம் பிடிக்காது. காரணம் எளியது. ஐரோப்பாவிலிருந்து வந்த அந்தப் பெட்டியில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. நம் தோடி ராகத்துக் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை, இரண்டு மூன்று ஸ்வரஸ்தானங்களுக்கு நடுவில் ஊஞ்சல் ஆடுகிறது. ஊஞ்சலை ஆணியடித்து நிறுத்தினால் அது பலகைதான். தடை 1971-ல்தான் ஓரளவு தளர்ந்தது. முப்பது வருஷம் ஆர்மோனியக்காரர்கள் வயிற்றில் அடித்த தடை அது. அதை நான் ஆதரிக்கவில்லை. அதன் பின்னால் இருந்த கவலை மட்டும் பொய்யில்லை.

1997-ல் அமெரிக்காவில் ஆண்டி ஹில்டிபிராண்ட் என்பவர் 'ஆட்டோ-ட்யூன்' என்ற மென்பொருளை வெளியிட்டார். பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று ஒலி அலைகளைக் கொண்டு கண்டுபிடிக்கிற துறையில் வேலை செய்தவர். அந்தக் கணிதத்தையே குரலுக்குத் திருப்பினார். பாடுகிறவர் ஸ்ருதி விலகினால் அது இழுத்துப் பக்கத்து ஸ்வரத்தில் உட்கார்த்திவிடும். 1998-ல் ஷேர் என்ற பாடகி அதை வேண்டுமென்றே முரட்டுத்தனமாகப் போட்டு ஒரு பாட்டுப் பாட, உலகமெங்கும் அந்த இயந்திரக் குரல் நாகரிகமாகிவிட்டது. கருவியை எப்படித் திருகி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்கிறார்கள். மெதுவாக வைத்தால் கமகத்தை விட்டுவைக்குமாம். இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு கட்டைகளை வரைந்து வைத்த திரையின் முன்னால் உட்கார்ந்து ஒரு குரலைச் 'சரி' செய்கிறவர், தோடியின் காந்தாரத்தைப் பிழை என்று நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆர்மோனியம் பாடகருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. இது தொண்டைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெல்லிய இடத்தை உயர்த்தி, உரத்த இடத்தை அழுத்தி, பாட்டு முழுவதையும் ஒரே மட்டத்தில் நிரவி வைக்கிறார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்க வசதி. வீணையின் மீட்டும் தவிலின் அடியும் ஒரே உயரத்தில் வந்தால் எது அருகில், எது தூரத்தில் என்று காதுக்குத் தெரியாமல் போகிறது. 'எல்லாம் ஒரே சத்தம்' என்று நாம் சொல்வதில் பாதி இதுதான் என்று எண்ணுகிறேன். என் அப்பாவுக்கு மாடிப்படி வழியாக வந்த பாட்டில் தாளம் மட்டும்தான் கேட்டிருக்கும் என்பதும் இப்போதுதான் தோன்றுகிறது. அவர் ஒருநாளும் மாடி ஏறிக் கேட்டதில்லை.

தீர்மானத்தை நான் கொண்டுவரவில்லை. குழுவில் வேறொன்று சொன்னேன். எந்த ஆண்டுப் பாட்டானாலும் சரி, ஆனால் வரிகளை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும், முதல் சரணத்தையாவது பின்னணி இசை இல்லாமல் வெறும் ஸ்ருதிப் பெட்டியோடு பாட வேண்டும். ஒரு மாமி, குழந்தைகள் பயப்படும் என்றார். பொருளாளர், ஸ்ருதிப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். கால் மணி விவாதத்துக்குப் பிறகு நிறைவேறியது. குறிப்பு எழுதும் கட்டத்தை மதிப்பெண் தாளிலிருந்து எடுத்துவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் புரிந்தது. கட்டம் இருக்கட்டும் என்றேன்.

அந்தப் பையன் வீட்டுக்குப் போன வாரம் போன் செய்தேன். அவன் அப்பா எடுத்தார். பையனிடமே கொடுங்கள் என்றேன். சென்ற வருஷம் நான் எழுதியது தவறு, பாட்டைச் சரியாகக் கேட்காமல் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பரவால்ல மாமா" என்றான். இந்த வருஷம் பாடுகிறாயா என்றதற்கு யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். பாடினால் ஸ்ருதி என்ன என்று முன்னாலேயே சொல், பெட்டியை நான் கொண்டுவருகிறேன் என்றேன்.

"அதெல்லாம் தெரியாது மாமா, ட்ராக்ல என்ன இருக்கோ அதான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கட்டை எது என்று இருவருமாகக் கண்டுபிடிக்க வேண்டும்.